முகர்ந்து சொல்லும் அக்கா

என் அப்பாவுக்கு நீரிழிவு என்று முதன்முதலில் சொன்னவர் என்னோடு ஆபீசில் வேலை பார்த்த அக்காதான். ரங்கூனில் அது மழைக்காலம். நான் குடையை மறந்து வந்துவிட்டேன் என்று, துறைமுகத்தில் வேலை முடித்த அப்பா அதை எடுத்துக்கொண்டு பபேடானில் இருந்த எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அதற்குள் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “உங்கப்பா மூச்சுல அழுகின அன்னாசி வாசம் வருது. நாளைக்குன்னு வைக்காத. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுப் பெரியவரைப் பற்றி இப்படி ஒரு பேச்சா என்று இருந்தது. ஆனால் சொன்னது அக்கா என்பதால் பயமும் வந்தது. கூட்டிப்போனேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நினைவு தப்பி விழுந்திருப்பார் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அப்பா அக்காவை எங்கே பார்த்தாலும் கும்பிடுவார். கிட்டே மட்டும் போக மாட்டார்.

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய மகள்கள் இருவரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சம்மதம் கேட்கவில்லை.

அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. மிஷன் பள்ளியில் படித்து, டைப் கற்று வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பவுடர் போட மாட்டார், பூ வைக்க மாட்டார். பக்கத்து நாற்காலியில் உட்காரும் என்னையும் மல்லிகை வைக்க விட மாட்டார். மூக்குக்குத் தெரிந்ததை வாயால் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. அதுதான் அவருடைய குணம், அதனால்தான் அவருக்கு எல்லாம் நடந்தது.

ஒரு கல்யாண விருந்தில் இலையில் விழுந்த கறியை முகர்ந்துவிட்டு, இது நேற்று அடித்த ஆடு, சாப்பிடாதீர்கள் என்று பந்தியில் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டார். பந்தியே கை வைக்காமல் எழுந்துவிட்டது. பெண்ணின் தாயார் அவரோடு அதற்குப் பிறகு பேசவே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கணவர் திட்டிக்கொண்டே வந்தாராம். “சொல்லாம விட்டா யாருக்காவது வயித்தால போயிருக்குமே” என்று அக்கா என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாதவரின் முகமாக இருந்தது.

எங்கள் கம்பெனி சீமையிலிருந்து விஸ்கி தருவித்து விற்றது. வெள்ளைக்காரர் காலத்தில் ஐராவதியில் ஓடிய நீராவிப் படகுகளின் எஞ்சினியர்களும் அரிசி மில் மேனேஜர்களும் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள். பலதைக் கலந்து செய்யும் சாதாரண விஸ்கி அவர்களுக்கு ஆகாது. மால்ட் விஸ்கிதான் வேண்டும், அதிலும் அவரவர் ஊர்ப்பக்கத்து மால்ட். அதற்காகக் கம்பெனி அதைச் சின்னப் பீப்பாய்களில் தருவித்து, க்யிம்யிண்டைங் படித்துறைக்குப் பக்கத்துக் கிடங்கில் தானே பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டியது. எல்லாம் ஒரே அச்சுப் பாட்டில். எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்வது லேபிள் ஒன்றுதான்.

கடைசியாக இருந்த ஸ்காட்லாந்து மேனேஜருக்கு யுத்தகாலத்துக் காய்ச்சலில் மோப்பம் போய்விட்டிருந்தது. விஸ்கி விற்பவர் இதை வெளியே சொல்ல முடியுமா? டைப் அடிக்க வந்த அக்காவிடம் ஒருநாள் கிளாஸை நீட்டி, இதில் என்ன வாசம் வருகிறது என்று கேட்டாராம். வெயிலில் காய்ந்த வைக்கோல், எலுமிச்சைத் தோல் என்றாராம் அக்கா. மேனேஜர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, லோலேண்ட் என்றாராம். தெற்கே தாழ்ந்த நிலத்துச் சரக்கு. மற்ற இடங்களில் இரண்டு தரம் காய்ச்சுவதை அங்கே மூன்று தரம் காய்ச்சுகிறவர்கள் உண்டு. அதனால் லேசாக இருக்கும்.

அன்றிலிருந்து அக்கா அவருக்கு மூக்கானார். அக்கா ரங்கூன் வாசனைகளைச் சொல்வார், அவர் அவற்றை ஸ்காட்லாந்து ஊர்களாக மாற்றிச் சொல்வார். பேரிக்காயும் திராட்சை ஊறிய கிறிஸ்துமஸ் கேக்கும் வந்தால் ஸ்பே ஆற்றங்கரை. அங்கே ஸ்பெயின் தேசத்து ஒயின் இருந்த பழைய பீப்பாய்களில் ஊறப்போடுவார்கள். தேனும் காட்டுப்பூவும் பின்னால் சுருக்கென்று மிளகும் வந்தால் ஹைலேண்ட் மலைப்பக்கம். நனைந்த கயிறும் படகு எண்ணெயும் உப்பும் வந்தால் கேம்பெல்டவுன். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு விஸ்கி காய்ச்சிய அந்த ஊரில் இப்போது இரண்டோ மூன்றோதான் மிச்சம் என்று மேனேஜர் வருத்தப்படுவாராம். ஆஸ்பத்திரி வராண்டாவும் கருவாடு சுட்ட அடுப்பும் ஒன்றாக வந்தால் ஐலா தீவு. அங்கே விறகுக்கு மரம் குறைவு. சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறிவிடும்.

இதையெல்லாம் அக்கா என்னிடம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சொல்லுவார். பார்லியை ஊறவைத்துத் தரையில் பரப்பி முளைகட்ட விடுவது, வேர்கள் பின்னிக்கொள்ளாமல் மரத் துடுப்பால் புரட்டிக்கொண்டே இருப்பது, முளைத்ததைச் சூட்டில் உலர்த்துவது. அப்படி உலர்த்தியதுதான் மால்ட். அதை அரைத்து, வெந்நீரில் இனிப்பை இறக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, கழுத்து நீண்ட செம்புப் பானையில் காய்ச்சி, ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் போட்டுவைப்பது. “நம்ம வீட்ல பயறு முளைகட்டுறோம்ல, அப்படித்தான். ஆரம்பம் எல்லாருக்கும் ஒண்ணுதான். தண்ணியும் நெருப்பும் பீப்பாயும்தான் ஊரை மாத்துது” என்பார்.

இவ்வளவு தெரிந்தவர் ஒரு மிடறு குடித்ததில்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்து உடனே வாய் கொப்பளித்துவிடுவார். சர்ச்சில் யாரோ புகார் சொல்லி, பாதிரியார் வீட்டுக்கே வந்துவிட்டார். “குடிக்கலைங்கய்யா, மோந்துதான் பாக்குறேன்” என்று அக்கா சொன்னதும், அது எந்தக் கட்டளையை மீறிய பாவம் என்று பாதிரியாருக்குத் தெரியவில்லை. டீ குடித்துவிட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

மேனேஜர் தன் ஊருக்கே திரும்பிப் போனார். கம்பெனி கைமாறி இந்தியர் ஒருவரிடம் வந்தது. பிறகு அறுபத்து நான்கில் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டபோது எங்கள் கடையும் போனது. ஒருநாள் காலையில் வந்தால் வாசலில் சிப்பாய் நிற்கிறான், கதவில் புதுப் பலகை தொங்குகிறது. முதலாளி கையை வீசிக்கொண்டு படியிறங்கிப் போனார். எங்களை வேலையில் இருக்கச் சொன்னார்கள். க்யிம்யிண்டைங் கிடங்குக்கு முத்திரை வைத்தார்கள்.

ரங்கூன் தமிழர்கள் கப்பலேற ஆரம்பித்த காலம் அது. பபேடானில் வாரத்துக்கு ஒரு வீடு காலியாகும். அக்காவின் கணவர் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. அந்தக் கம்பெனியையும் எடுத்துக்கொண்டபோது அவரை நிறுத்திவிட்டார்கள். மதராஸுக்குப் போவதென்று முடிவு செய்து, குடும்பம் முழுவதற்கும் வெளியேறும் அனுமதி கேட்டார்கள். அவருக்கும் இரண்டு மகள்களுக்கும் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. வேலை பார்க்கும் இடத்தில் இவர் தேவைப்படவில்லை என்று எழுதித் தர வேண்டுமாம்.

எழுதித் தர வேண்டியவர் எங்கள் கடைக்குப் பொறுப்பாக வந்திருந்த ராணுவக் கேப்டன். இளம் வயது, மூக்குக்கண்ணாடி, மரியாதையான மனுஷர். அக்காவை சயாமா என்றுதான் கூப்பிடுவார். பர்மியத்தில் அது ஆசிரியைகளைக் கூப்பிடும் சொல். கிடங்கின் முத்திரையை உடைத்துப் பார்த்தபோது பாட்டில்களில் லேபிளே இல்லை. பூட்டிக்கிடந்த மழைக்காலத்தில் பசைக்காகக் கரப்பான்பூச்சிகள் காகிதத்தைத் தின்றுவிட்டிருந்தன. எது என்ன சரக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் கொடுப்பதற்கு மேலிடம் நல்ல சரக்காகக் கேட்டது. இந்தியப் பெண் ஒருத்தி முகர்ந்தே சொல்லிவிடுவாள் என்று கேப்டனின் காதில் யாரோ போட்டிருந்தார்கள். அது உண்மையானால் இவரை விட முடியாது, பார்த்துவிட்டுத்தான் எழுதித் தருவேன் என்றார்.

அன்று சாயந்தரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். கணவர் சத்தம் போடாமல், கெஞ்சுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். “ஒரே ஒரு தடவை தெரியலன்னு சொல்லிட்டு வந்துடு. பாவம்னா அது என் தலையில இருக்கட்டும்.” நானும் அதையே சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார். பெரிய மகளுக்குப் பதினோரு பன்னிரண்டு வயதிருக்கும். அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு, “தெரியலன்னே சொல்லிடறேன்” என்றார்.

மறுநாள் கேப்டனின் மேஜையில் மூன்று கிளாஸ். அவர் சொல்வதை டைப் அடிக்க நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா முதல் கிளாஸை எடுத்து முகர்ந்தார். அவர் முகம் எனக்குப் பழக்கம். அடையாளம் தெரிந்துவிட்டால் இடது புருவம் லேசாக ஏறும். ஏறியது. “தெரியல” என்றார். இரண்டாவதை எடுத்தார். மறுபடி புருவம் ஏறியது. “தெரியல.” முடிந்துவிட்டது, இன்னும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

மூன்றாவதை முகர்ந்தவர் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. மறுபடி முகர்ந்தார். எனக்குக்கூட அதன் புகை வாசம் வந்தது. வெகு நேரம் கழித்து, அதையும் தெரியாது என்று சொல்லிக் கிளாஸை வைத்தார்.

கேப்டன் ஏமாற்றத்தோடு சிரித்தார். சரி, நாங்களே குடித்துப் பார்த்துக்கொள்கிறோம், விருந்துக்கு அனுப்ப இன்று சாயந்தரம் சில பெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லி, அந்த மூன்றாவது கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார்.

“அதைக் குடிக்காதீங்க” என்றார் அக்கா.

கேப்டன் நிறுத்தினார்.

“அது பாலிஷ் ஸ்பிரிட். மரத்துக்குப் பூசுறது. மேல கொஞ்சம் ஐலா ஊத்தி மறைச்சிருக்காங்க. குடிச்சா கண்ணு போயிடும், உயிரும் போயிடும்.”

கேப்டன் கிளாஸை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தவர், முதல் இரண்டும் உங்களுக்குத் தெரியும், இல்லையா சயாமா என்று மெதுவாகக் கேட்டார். அக்கா என் பக்கம் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? முதலாவது லோலேண்ட், இரண்டாவது ஸ்பே ஆற்றுப்பக்கம் என்று அக்கா சொன்னார்.

விசாரித்ததில், கிடங்கு பூட்டிக்கிடந்தபோது யாரோ பின்பக்கமாகப் புகுந்து நல்ல சரக்கை வடித்துக்கொண்டு, பாட்டில்களில் கண்டதையும் ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எத்தனை பாட்டில், எவை என்று தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தால்தான் உண்டு. எல்லாவற்றையும் கொட்டிவிடலாமே என்று நான் கேட்டேன். அரசாங்கச் சொத்தைக் கொட்டுவதற்கு எனக்கு அதிகாரமில்லை என்றார் கேப்டன். பிறகு அக்காவிடம், “உங்களை எப்படி அனுப்புறது, சயாமா? நான் அனுப்பிட்டா, இதைக் குடிச்சுச் சாகிறவங்களுக்கு யார் பதில் சொல்றது?” என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கடைசிப் பாட்டில் முடிந்த அன்றே என் கையால் எழுதித் தருவேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்தபோது மனதாரத்தான் கொடுத்தார்.

கணவர் தானும் இருந்துவிடுவதாகச் சொன்னார். ஆனால் அவர்களுடைய அனுமதிக்குக் கெடு இருந்தது. வீட்டையும் ஒப்படைத்தாகிவிட்டது. இந்தக் கப்பலை விட்டால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து. “பிள்ளைங்க போகட்டும், பாட்டில் முடிஞ்சதும் வந்துடறேன்” என்று அக்காதான் அவர்களை ஏற்றிவிட்டார். துறைமுகத்தில் சின்ன மகள் அழுதாள். பெரியவள் அழவில்லை. அம்மா மேல் கோபமாக இருந்தாள். தெரியல என்று சொல்லிவிட்டு வருவதாக அம்மா தன் தலையில் முகம் வைத்துச் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கப்பலின் படியில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டில் ஓர் அறையில் தங்கினார். தினமும் நாங்கள் இருவரும் பஸ்ஸில் க்யிம்யிண்டைங் போவோம். நான் கார்க்கைத் திறப்பேன், அவர் முகர்ந்து சொல்வார், நான் புதுச் சீட்டு ஒட்டுவேன். ஸ்பிரிட் கலந்ததை வெளியே கால்வாயில் ஊற்றுவோம். சில நாள் அவர் மூக்கிலிருந்து ரத்தம் வரும். துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டிலை எடுப்பார். கொஞ்சம் வேகமாகப் பார்த்தால் சீக்கிரம் முடியுமே, எல்லாம் நல்லது என்று சொல்லிவிட்டுப் போங்களேன் என்று ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். அவர் கையிலிருந்த பாட்டிலை என்னிடம் நீட்டி, கால்வாய்ப் பக்கம் காட்டினார். அதுவும் ஸ்பிரிட் கலந்தது.

வேலை முடிவதற்கு முன்பே கேப்டனை எல்லைப்பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிற அவசரத்தில் அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. பிறகு ஒருநாள் கடைசிப் பாட்டிலும் முடிந்தது. பெட்டிகள் லாரியில் போயின, கிடங்கில் அரிசி மூட்டை வந்தது, அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். புது அதிகாரியிடம் போய்க் கேட்டோம். நீங்கள் தேவை என்று யார் சொன்னது, என்னிடம் அப்படி ஒரு காகிதம் இல்லையே, இல்லாததிலிருந்து எப்படி விடுவிப்பது என்றார். அனுமதி கொடுக்கும் இடத்துக்குப் போனோம். உங்களைப் பிடித்து வைத்த இடத்திலிருந்து விடுவித்துக் காகிதம் வந்தால்தான் கொடுப்போம் என்றார்கள். அக்காவைப் பிடித்து வைத்திருப்பவர் யாரும் இல்லை. அதனால் விடுவதற்கும் யாரும் இல்லை. வாரா வாரம் போய் அந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவார். நானும் கூடப் போவேன். என்னால் அதைத்தான் செய்ய முடிந்தது.

பிறகு எங்கள் குடும்பத்துக்கு அனுமதி வந்தது. அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். அவரே, “போயிட்டு வா, யாராவது போகணும்ல” என்றார். நாங்கள் போன பிறகு சர்ச் விடுதியில் இருந்துகொள்வதாகச் சொன்னார். கிளம்பும் அன்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

“பெரியவ தலையை மோந்து பாத்துட்டு, என்ன வாசம் வருதுன்னு எனக்கு எழுதறியா? அவ ஃப்ராக் ஒண்ணைத் துவைக்காம வச்சிருந்தேன். இப்ப அதுல ஒண்ணுமே வரல. எனக்கு மறந்து போகுது.”

எழுதுகிறேன் என்றேன். அக்காவுக்கு அந்த அனுமதி கடைசிவரை வரவில்லை. எழுபதுகளில் ரங்கூனிலேயே இறந்தார்.

மதராஸில் இறங்கிக் கொஞ்ச நாளில், வியாசர்பாடியில் அவர்கள் வீட்டைத் தேடிப்பிடித்தேன். கணவருக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. சின்னவள் பர்மியத்தை மறந்திருந்தாள். பெரியவள் என் தோளுயரம் வளர்ந்திருந்தாள். அம்மா சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். அவள் பக்கத்தில் வரவில்லை. நானே போய் அவள் உச்சந்தலையில் முகத்தை வைத்தேன். தேங்காய் எண்ணெய், வேர்வை, கொஞ்சம் சாக்பீஸ் தூள். அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

பதில் வருவதற்கு வெகு நாள் ஆனது. “நீ எழுதியிருப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவது. என் பிள்ளைக்கு வருவதை எழுது” என்று மட்டும் எழுதியிருந்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். பெரியவள் அதை வாங்கிப் படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே பக்கத்தில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, எவ்வளவோ நேரம் அப்படியே நின்றேன். எனக்குத் தேங்காய் எண்ணெய்தான் தெரிந்தது.